விரியாத காற்றுப்பை: நட்டஈடு கேட்போருக்குச் சில பதில்கள்

வாகனங்களின் காற்றுப்பை (எயார்பாக்) பற்றி இம்முறை வந்த கடிதங்கள் வழமையிலும் அதிகம். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் விபத்து நடந்த திகதியே இல்லை. திகதி, வாகனத்தின் மாதிரியும் ஆண்டும், ஆசனப்பட்டி அணிந்திருந்தீர்களா என்பது, எச்சரிக்கை விளக்கு முன்னரே எரிந்துகொண்டிருந்ததா என்பது ஆகிய நான்கையும் எழுதாமல் "வழக்குப் போடலாமா" என்று மட்டும் கேட்பவர்களுக்கு எந்தச் சட்டத்தரணியாலும் நேர்மையான பதில் சொல்ல முடியாது. தயவுசெய்து எழுதுங்கள்.

மிருசுவிலுக்கு அருகே ஏ9 வீதியில் இரவு நேரம் மாடு ஒன்றில் மோதினேன். காரின் முன்பக்கம் முழுவதும் நசிந்துவிட்டது, ஆனால் காற்றுப்பைகள் விரியவில்லை. கார் இப்போது கராஜில் பெயின்ற் வேலைக்கு நிற்கிறது. தயாரிப்பாளரிடம் நட்டஈடு கேட்கலாமா? (கொடிகாமம்)

முதலில் கராஜுக்குத் தொலைபேசி எடுத்து வேலையை நிறுத்துங்கள். மிகுதியைப் பிறகு வாசிக்கலாம்.

பொனற் எவ்வளவு நசிந்தது என்பதை வைத்துக் காற்றுப்பை விரிவதில்லை. வாகனம் எவ்வளவு சடுதியாகத் தன் வேகத்தை இழந்தது என்பதையே உணரிகள் அளக்கின்றன. அசையாத சுவர் ஒன்றில் மணிக்கு ஏறத்தாழ 20 முதல் 25 கிலோமீற்றர் வேகத்தில் நேராக மோதுவதற்குச் சமமான அதிர்ச்சி இருந்தால் முன் காற்றுப்பைகள் விரிய வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பட்டி அணிந்தவருக்கு இந்த எல்லை பல வாகனங்களில் சற்று உயர்வாக வைக்கப்பட்டிருக்கும். மாடு சுவரைப்போல எதிர்த்து நிற்பதில்லை. அது தூக்கி எறியப்படும்போது விளக்கும் பொனற்றும் கண்ணாடியும் நொருங்கும், ஆனால் சட்டகத்துக்குப் போகும் அதிர்ச்சி குறைவாக இருக்கலாம். ஆகவே உங்கள் வாகனத்தில் பழுது இருந்ததா, அல்லது விரியத் தேவையற்ற மோதலா என்பதைப் படம் பார்த்துச் சொல்ல முடியாது. மோதலைக் கணித்துப் பையை இயக்கும் சிறு கணினிப் பெட்டியான எயார்பாக் மொடியூலில் பதிந்திருப்பதைக் கொண்டுதான் சொல்ல முடியும்.

அந்தப் பதிவைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். பை விரிந்த விபத்தின் பதிவு பெரும்பாலும் மொடியூலுக்குள் பூட்டப்பட்டுவிடும். பை விரியாத விபத்தின் பதிவு பல மாதிரிகளில் அப்படிப் பூட்டப்படுவதில்லை. வாகனத்தைத் தொடர்ந்து ஓட்டினால் அதன்மேல் வேறொன்று எழுதப்பட்டுவிடலாம். கராஜில் ஸ்கானரைச் செருகி, "எரர் எல்லாம் அழித்துவிட்டேன்" என்று நல்லெண்ணத்தோடு சொல்லும் மெக்கானிக் உங்கள் வழக்கின் முதற்சாட்சியைத்தான் அழித்திருக்கிறார். வாகனத்தைத் தொடாதீர்கள், தொடவும் விடாதீர்கள்.

மானிப்பாய் வீதியில் நின்றுகொண்டிருந்த என் காரைப் பின்னால் வந்த வான் மோதியது. காற்றுப்பை ஏன் விரியவில்லை?

முன் காற்றுப்பைகள் பின்மோதலுக்காக அமைக்கப்பட்டவை அல்ல. உங்கள் கோரிக்கை வான் சாரதிக்கும் அவருடைய காப்புறுதிக்கும் எதிரானது.

இந்திய உச்ச நீதிமன்றம் காற்றுப்பை விரியாத காருக்கு நட்டஈடு வழங்கியது என்று வாசித்தேன். அதே தீர்ப்பைக் காட்டி யாழ்ப்பாணத்தில் வழக்குத் தொடுக்கலாமா? (கோப்பாய்)

நீங்கள் சொல்வது ஹூண்டாய் கிரேட்டா வழக்கு. விபத்து 2017இல் நடந்தது. தீர்ப்பு 2022 ஏப்ரலில் வந்தது. வேகத்தையும் விசையையும் கணக்கிடும் பௌதிகவியல் நிபுணராக நுகர்வோர் இருக்க வேண்டியதில்லை என்று அந்த நீதிமன்றம் சொன்னது, வாசித்த நாளிலிருந்து என் மனதில் நிற்கும் வாக்கியம். மூன்று இலட்சம் இந்திய ரூபாவும் மாற்று வாகனமும் வழங்கும்படியான கட்டளை உறுதிசெய்யப்பட்டது.

ஆனால் அது இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், அதற்கென அமைந்த ஆணைக்குழுக்களில் தொடங்கி மேலே சென்ற வழக்கு. நம் மாவட்ட நீதிமன்றத்தில் அதை வாதத்துக்குத் துணையாகக் காட்டலாம். அது நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. உற்பத்திக் குறைபாட்டுக்குத் தவறை நிரூபிக்காமலே பொறுப்பைச் சுமத்தும் தனிச்சட்டம் நம்மிடம் இல்லை. தயாரிப்பாளர் மீது தீங்கியல் வழக்கு, அதாவது பிறர் தவறால் வந்த தீங்குக்கு ஈடு கேட்கும் வழக்குத் தொடுப்பவர் ரோமன் டச்சுச் சட்டப்படி கவலையீனத்தை நிரூபிக்க வேண்டும். பை விரிந்திருக்க வேண்டிய மோதல் இது, குறைபாடு வாகனம் உங்களிடம் வருமுன்பே இருந்தது, பை விரிந்திருந்தால் இந்தக் காயம் ஏற்பட்டிருக்காது அல்லது குறைந்திருக்கும் என்ற மூன்றையும் நிறுவியாக வேண்டும். மூன்றாவதில்தான் பலர் இடறுகிறார்கள். முழங்கால் எலும்பு முறிந்தவருக்கு ஸ்டியரிங் பை விரிந்திருந்தாலும் அது முறிந்திருக்கக்கூடும். முகமும் நெஞ்சும் அடிபட்டவரின் நிலை வேறு. எனவே யாழ் போதனா வைத்தியசாலையில் சட்ட மருத்துவ அதிகாரியின் அறிக்கையில் ஒவ்வொரு காயமும், அது எதில் பட்டு வந்தது என்பதும் பதியப்படுவதை உறுதிசெய்யுங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாகன விற்பனை நிலையம் ஒன்றில் பாவித்த கார் வாங்கினேன். சென்ற மாதம் மதகில் மோதியபோது பை விரியவில்லை. கழற்றிப் பார்த்தபோது ஸ்டியரிங்குக்குள் பையே இல்லை. விற்றவர் "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்கிறார். (சாவகச்சேரி)

இந்தக் கடிதத்தை நான் பலமுறை வாசித்தேன். இந்த ஏமாற்றைப் பற்றி எழுதாத ஆண்டு இல்லை, இன்னும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

கண்டி வீதியிலுள்ள கராஜ் ஒன்றில் என் முன்னால் ஒரு காரின் ஸ்டியரிங் மூடியைத் திறந்தார்கள். வெளியே புத்தம் புதிதாகத் தெரிந்த மூடி. உட்புறத்தில் வெடித்த இடம் பசை தடவி ஒட்டப்பட்டு, அதன்மேல் உறை தைக்கப்பட்டிருந்தது. பை இருக்க வேண்டிய கிண்ணம் வெறுமையாக இருந்தது. காற்றுப்பைக்குரிய மஞ்சள் நிற இணைப்பியின் இரு முனைகளுக்கும் இடையில், அரிசிமணியைவிடச் சற்றுப் பெரிய தடையி (ரெசிஸ்டர்) ஒன்று ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. இரண்டு மூன்று ஓம் தடையைக் கண்டதும் பை இருக்கிறது என்று மொடியூல் நம்பிவிடும். எச்சரிக்கை விளக்கும் ஒழுங்காக எரிந்து அணைந்துவிடும். அந்தக் காரில் நான்கு ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றியிறக்கிய தாய் பக்கத்தில் நின்று இதைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மஞ்சள் வயரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் திறக்கப்படும்வரை, இருந்த கார்களே கைமாறிக் கைமாறி விற்கப்பட்டன. விபத்தில் அடிபட்ட கார்களும் அப்படியே திருத்தப்பட்டுச் சந்தைக்கு வந்தன. புதிய பையும் மொடியூலும் இலட்சக்கணக்கில் செலவாகும் என்பதால் பெயின்றுக்குப் பணம் போட்டு உயிர்காக்கும் பொருளை விட்டுவிட்டார்கள். இதை நான் குற்றமாகவே கருதுகிறேன்.

இனி உங்கள் வழி. பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கினால், அது விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்ற மறைமுக நிபந்தனை 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் உண்டு. வாங்குபவர் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு மட்டுமே அது பொருந்தாது. ஸ்டியரிங்கை உடைத்துப் பார்த்துக் கார் வாங்குபவர் எவரும் இல்லை. ஆகவே "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்பது இங்கே பதிலாகாது. தெரிந்தே மறைத்தார் என்று காட்ட முடிந்தால் அது மோசடி. தனியாள் விற்றிருந்தாலும் மோசடிக்குப் பொறுப்புண்டு. பற்றுச்சீட்டின் பின்புறத்தில் "எந்தக் குறைக்கும் பொறுப்பில்லை" என்று அச்சிட்டிருந்தால் அதைக் கண்டு பின்வாங்காதீர்கள். கவலையீனத்தால் வரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான பொறுப்பை வணிகர் அப்படிக் கழற்றிவிட 1997ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இடமளிப்பதில்லை.

ஆனால் கழற்றிப் பார்த்தது யார்? எவர் முன்னிலையில்? நீங்களே கழற்றியிருந்தால், பையை எடுத்தது நீங்கள்தான் என்று எதிர்த்தரப்புச் சொல்லும். கழற்றிய பாகங்கள் அனைத்தையும் அப்படியே பொதிசெய்து வையுங்கள், தடையியை வெட்டி எடுக்காதீர்கள், மோட்டார் வாகனப் பரிசோதகரின் பரிசோதனைக்குப் பொலிஸ் ஊடாகக் கேளுங்கள். மிகுதியைத் தொடாதீர்கள்.

விபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்தது. இப்போதுதான் நேரம் கிடைத்தது.

தீங்கியல் கோரிக்கைக்கு இரண்டு ஆண்டுகளே உண்டு. காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவைப் பாருங்கள். எழுத்திலான விற்பனை ஒப்பந்தம் கையில் இருந்தால் அதன் மீறலுக்கு ஆறு ஆண்டுகள் கிடைக்கும். அந்த ஒப்பந்தத்தோடு இந்த வாரமே ஒரு சட்டத்தரணியைச் சந்தியுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்யும் காலம் இன்னும் குறுகியது: விற்பனை நடந்து மூன்று மாதங்கள். விபத்து நடந்த நாளிலிருந்து என்று பலர் தவறாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

காப்புறுதி நிறுவனம் முழுச் சேதமாகக் கணித்துப் பணம் தர முன்வந்துள்ளது. கார் லீசிங்கில் உள்ளது. எனக்கு ஏற்பட்ட காயத்துக்கு நான் தனியாக நட்டஈடு கேட்க முடியுமா? (நல்லூர்)

முடியும். காயம் உங்களுடையது, காரின் உரிமை லீசிங் நிறுவனத்திடம் இருந்தாலும் உடற்காயத்துக்கான கோரிக்கை உங்களிடமே இருக்கிறது. இரண்டு விடயங்களில் கவனம் தேவை. "சகல கோரிக்கைகளும் தீர்ந்தன" என்ற படிவத்தில் வாசிக்காமல் கையெழுத்திடாதீர்கள். அத்துடன், பணம் கொடுத்ததும் காப்புறுதி நிறுவனம் சிதைந்த காரை எடுத்து விற்றுவிடும். அதற்கு முன் வாகனத்தையும் மொடியூலையும் பரிசோதனை முடியும்வரை வைத்திருக்குமாறு இரு நிறுவனங்களுக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள்.

பட்டி அணிந்திருக்கவில்லை. அதனால் என் கோரிக்கை போய்விடுமா?

முற்றாகப் போகாது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் பங்குத் தவறுக்கு ஏற்ப நட்டஈடு குறைக்கப்படும். அணிந்திருந்ததாகப் பொய் சொல்லாதீர்கள். பல மொடியூல்கள் அதையும் பதிந்து வைத்திருக்கும்.

என் ஜப்பான் காரில் தகாட்டா நிறுவனத்தின் பை இருப்பதாக நண்பர் பயமுறுத்துகிறார். அதுவும் விரியாமல் விடுமா? (பருத்தித்துறை)

அதன் ஆபத்து நேர்மாறானது. பையை விரிக்கும் வெடிபொருளான, ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்கப்படாத அமோனியம் நைத்திரேற்று, வெப்பத்திலும் ஈரப்பதனிலும் ஆண்டுக்கணக்கில் இருந்து சிதைந்து, விரியும் நேரத்தில் அளவுக்கு மிஞ்சி வெடித்து, உலோகக் கலனைத் துண்டுகளாக வீசுகிறது. பழுதான பாகத்தை மாற்றுவதற்காக வாகனங்களைத் திரும்ப அழைக்கும் மீளழைப்பு 2008இல் தொடங்கி உலகெங்கும் ஏறத்தாழப் பத்துக் கோடிக் கலன்கள்வரை சென்றது. 2017இல் அந்த நிறுவனம் வங்குரோத்தானது. மாற்றப்படாத ஆபத்தான வாகனங்களுக்கு ஜப்பான் 2018 முதல் தகுதிச் சான்றிதழையே மறுத்தது. நம் வெயிலையும் கடற்காற்றையும் எண்ணினால் உங்கள் நண்பர் பயப்படுவது சரியே. சேசிஸ் இலக்கத்தைத் தயாரிப்பாளரின் மீளழைப்புப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். மீளழைப்பு இருப்பது தெரிந்த பின்னும் பல மாதங்கள் ஓட்டிக்கொண்டிருந்தால், பின்னர் அதுவே உங்களுக்கு எதிராகக் காட்டப்படும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லை. (வட்டுக்கோட்டை)

சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குச் செல்லுங்கள். வருமானத்தைப் பார்த்து இலவசமாக வழக்கை ஏற்பார்கள். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, வைத்திய அறிக்கை, விற்பனைப் பற்றுச்சீட்டு, விபத்தன்றே எடுத்த படங்கள் ஆகியவற்றோடு போங்கள். உங்கள் கார் இப்போது எங்கே நிற்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. திருத்தக் கொடுத்திருந்தால் நாளைக் காலை முதலில் அங்கே போங்கள்.