ஆல் வீல் டிரைவுக்காகக் கூடுதல் கடன் வாங்கலாமா?

கேள்வி: ஏழு வருடம் ஓடிய சிறிய எஸ்.யூ.வி. வாங்கப் போகிறேன். ஒரே மாடலில் இரண்டு வண்டிகள் பார்த்தோம். முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியின் விலை 100 என்றால், நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ் வண்டியின் விலை 112. அந்த 12-ஐயும் கார் கடனிலேயே சேர்த்துவிடலாம் என்கிறார் விற்பவர். மழையில் பாதுகாப்பு என்று மனைவிக்கு அதில்தான் மனசு. போன வருடம் மாமனார் வீட்டுக்கு ஏறும் மண் சரிவில் இரண்டு முறை மாட்டிக்கொண்டோம். கூடுதல் பணம் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், 100-ஐ வாங்குங்கள்.

மழைப் பாதுகாப்பை முதலில் பார்ப்போம். நான்கு சக்கரமும் இழுத்தால் வண்டி வழுக்காமல் கிளம்பும், மேடேறும். பிரேக் போடும்போது அதற்கு வேலையே இல்லை. எல்லா காருக்கும் நான்கு சக்கரத்திலும்தான் பிரேக் இருக்கிறது. ஈரச் சாலையில் வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பது பெரும்பாலும் டயரின் கையில். சொல்லப்போனால், கிளம்பும்போது சறுக்காத வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தரை வழுக்குகிறது என்பதே தாமதமாகத்தான் உறைக்கும்.

அந்த 12, 12-ஆக நிற்காது. 10 சதவீத வட்டியில் 60 தவணை கட்டினால் 15-ஐத் தாண்டிவிடும். கூடுதல் எடை, சுழலும் பாகங்கள் காரணமாக எரிபொருளும் சற்று அதிகம் குடிக்கும். அது பெரிய தொகை இல்லை, விடுங்கள். விற்கும்போது கொஞ்சம் திரும்பி வரும் என்பதும் உண்மைதான். ஆனால் வாங்க வருபவருக்கும் அது தேவைப்பட வேண்டும்.

நான் பயப்படுவது டயருக்கு. புது டயரின் பள்ளம் ஏறக்குறைய 8 மி.மீ. ஆழம் இருக்கும். பாதி தேய்ந்து 4 மி.மீ. ஆகிவிட்டால், டயரின் சுற்றளவு சுமார் 25 மி.மீ. குறைந்துவிடும். ஒரு சக்கரம் மட்டும் புதிது, மற்றவை பழையது என்றால் அவை வெவ்வேறு வேகத்தில் சுற்றும். அந்த வித்தியாசத்தை, பின்சக்கரங்களுக்குச் சக்தி அனுப்ப நடுவில் இருக்கும் கிளட்ச் ஓயாமல் தாங்கிச் சூடாகும். ஜப்பானிய கார் நிறுவனமான சுபாரு, நான்கு டயருக்கும் இடையே சுற்றளவில் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது என்கிறது. கால் அங்குலம் என்றால் 6 மி.மீ. சொச்சம். ஆக, பாதி தேய்ந்த நிலையில் ஒரு டயரின் பக்கவாட்டில் ஆணி கிழித்தால் நீங்கள் ஒன்று வாங்க மாட்டீர்கள், நான்கு வாங்குவீர்கள். முன்சக்கர வண்டியில் இரண்டோடு முடிந்துவிடும்.

அப்புறம், இந்த ரக வண்டிகள் பலவற்றில் பின்சக்கரம் எப்போதும் இழுப்பதில்லை. முன்சக்கரம் சறுக்கினால், அல்லது சறுக்கும் என்று கம்ப்யூட்டர் கணித்தால், கிளட்ச் பிடித்துப் பின்பக்கம் சக்தி அனுப்பும். அந்தக் கிளட்சுக்கும், பின்சக்கரம் இரண்டுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பின் டிஃபரன்ஷியலுக்கும் ஆயில் உண்டு. எஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றுபவர்களில் பலருக்கு இது இருப்பதே தெரியாது. ஏழு வருடத்தில் முதல் உரிமையாளர் மாற்றினாரா என்று ரசீது கேளுங்கள், விற்பவர் முகத்தைப் பாருங்கள்.

மாமனார் வீட்டுச் சரிவுக்கு வருவோம். வருடத்துக்கு இரண்டு முறை. கீழேயே நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள்; மாப்பிள்ளை செருப்பில் சேறோடு வந்தார் என்று ஒருநாள் பேசுவார்கள், அவ்வளவுதான். மிச்சமாகும் 12-இல் ஒரு பகுதியை எடுத்து, ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் நான்கு நல்ல டயர் போடுங்கள். மனைவி கேட்ட பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது.

அந்தச் சரிவு உங்கள் சொந்த வீட்டு வாசலில் இருந்து, தினமும் ஏறி இறங்க வேண்டியிருந்தால் என் பதில் மாறியிருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் 112-தான் வேண்டும் என்று வீட்டில் முடிவானால், சரி, கடனில் சேர்க்காமல் கைப்பணத்தில் கொடுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் காலி இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, மெதுவாக இரண்டு வட்டம் அடியுங்கள். பின்பக்கம் முனகினாலோ, வண்டி யாரோ பிடித்து இழுப்பதுபோல் திக்கித் திக்கி நகர்ந்தாலோ மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஆயில் மாற்றினாலே சரியாகும் கோளாறாகவும் இருக்கலாம், கிளட்சே போயிருக்கலாம். இரண்டுக்கும் செலவு மலைக்கும் மடுவுக்கும். வண்டியை லிஃப்டில் ஏற்றி, பின் டிஃபரன்ஷியலில் ஆயில் கசிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு டயரும் ஒரே பிராண்டா, ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இல்லையென்றால் நான்கு புது டயரின் விலையை 112-இல் கழித்துவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள்.