வீக்கம் வடிந்தும் மனசு எழவில்லை

வாசகர் கேள்விகளுக்கு மூட்டுநோய் சிறப்பு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 39. வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். மூன்று வருடமாக முடக்குவாதம் இருக்கிறது. வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், தினமும் காலையில் ஸ்டீராய்டு 5 மி.கி. சாப்பிடுகிறேன். வலி அதிகமானால் டைக்ளோஃபெனாக். விரல் வீக்கம் நன்றாகவே வடிந்துவிட்டது. ஊசியில் நூல் கோக்க முடிகிறது. ஆனால் மெஷின் முன்னால் போய் உட்கார மனசு வரவில்லை. வாங்கி வைத்த பிளவுஸ் துணியெல்லாம் பையிலேயே கிடக்கிறது. விடிகாலை மூன்று மணிக்கே தூக்கம் கலைந்துவிடுகிறது. "வலிதான் போயிடுச்சே, இன்னும் என்ன?" என்கிறார் வீட்டுக்காரர். சில நாள் இருந்து என்ன பண்ணப் போகிறோம் என்றுகூடத் தோன்றுகிறது. இது நோயால் வருகிறதா, மாத்திரையாலா, இல்லை என் மனசுதான் சரியில்லையா?
– பெயர் வேண்டாம், திருவாரூர்

பதில்: கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, இருந்து என்ன பண்ணப் போகிறோம் என்று, அதை முதலில் பேசிவிடுவோம். அந்த நினைப்பு வருகிற நாளில் தனியாக இருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசு 2022இல் தொடங்கிய இலவசச் சேவை அது. ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே அதற்கான பிரிவு இருக்கிறது. வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரும் இதைக் கேட்க வேண்டும்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். முடக்குவாதம் வெறும் மூட்டுத் தேய்மானம் இல்லை. கிருமியை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் நம் மூட்டையே தாக்குகிற நோய் அது. அந்தத் தாக்குதலில் ஐ.எல்.-6, டி.என்.எஃப். என்று சில ரசாயனங்கள் ரத்தத்தில் கூடுகின்றன. விரலை வீங்க வைக்கிற இதே ரசாயனங்களின் சேதி மூளைக்கும் போய்ச் சேருகிறது. கடும் காய்ச்சல் வந்த நாளை நினைத்துப் பாருங்கள். சோறு இறங்காது, யார் பேசினாலும் பிடிக்காது, போர்த்திக்கொண்டு படுத்தால் போதும் என்றிருக்கும். அதை யாரும் சோம்பேறித்தனம் என்று சொல்வதில்லை. எதிர்ப்பு மண்டலம் சொல்லி மூளை படுக்க வைக்கிறது. காய்ச்சலில் நாலு நாளில் முடிந்துபோகிற இந்த வேலை, உங்களைப் போன்றவர்களுக்கு மாதக்கணக்கில் உள்ளே நடந்துகொண்டிருக்கலாம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் தொற்றுக்கு முன்பெல்லாம் இன்டர்ஃபெரான் ஊசியை மாதக்கணக்கில் போடுவார்கள். எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டிவிடுகிற மருந்து அது. அந்த ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வந்தது. வீட்டில் சாவும் இல்லை, நஷ்டமும் இல்லை. நேற்றுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் ஊசி ஆரம்பித்த சில வாரங்களில் அழ ஆரம்பித்தார். எதிர்ப்பு மண்டலத்துக்கும் மனசுக்கும் தொடர்பு உண்டு என்று மருத்துவ உலகத்தை யோசிக்க வைத்தவற்றில் இதுவும் ஒன்று. மூளையில் மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற ரசாயனம் தயாராவதற்கு டிரிப்டோஃபான் என்ற சத்து வேண்டும். எதிர்ப்பு மண்டலத்தின் இந்தத் தாக்குதல், அதாவது அழற்சி, கூடினால் உடம்பு அந்த டிரிப்டோஃபானை வேறு பாதைக்குத் திருப்பிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். அது மட்டுமே முழுக் காரணம் இல்லை.

டென்மார்க்கில் 35 லட்சத்துக்கும் அதிகமானோரின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தன்னுடலையே தாக்கும் இவ்வகை நோய்க்காக ஆஸ்பத்திரி போனவர்களுக்கு, பின்னாளில் மனநிலைக் கோளாறு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 45 சதவீதம் கூடுதலாக இருந்தது. எல்லோருக்கும் வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. நீங்கள் தனி ஆள் இல்லை என்று அர்த்தம்.

அதே நேரம் எல்லாப் பழியையும் அழற்சி மேல் போட்டுவிட முடியாது. அமெரிக்காவில் எமோரி பல்கலைக்கழகத்தில், மாத்திரைக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு உள்ள 60 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு, மேலே சொன்ன டி.என்.எஃப்.ஐத் தடுக்க முடக்குவாதத்துக்குப் போடுகிற இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி, மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசமே இல்லை. ஆனால் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு லிட்டருக்கு 5 மி.கி.க்கு மேல் இருந்தவர்களுக்கு நல்ல பலன் தெரிந்தது. அழற்சியால் வருகிற மனச்சோர்வும் உண்டு, அதற்குச் சம்பந்தமே இல்லாததும் உண்டு என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு வீக்கம் வடிந்த பிறகும் மனசு எழவில்லை. இது எங்கள் ஓ.பி.யில் அடிக்கடி பார்ப்பதுதான். விரலை மடக்கிக் காட்டுவார்கள், அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். ரத்த ரிப்போர்ட்டை நீட்டுவார்கள், "இப்ப பரவாயில்லை டாக்டர்" என்பார்கள். முகத்தில் மட்டும் அந்தப் பரவாயில்லை இருக்காது. அதனால்தான் காலையில் கை எவ்வளவு நேரம் விறைப்பாக இருக்கிறது என்று கேட்ட கையோடு, முன்பு ஆசையாகச் செய்த எதை இப்போது விட்டுவிட்டீர்கள் என்றும் கேட்கிறேன். உங்களிடம் கேட்டிருந்தால் தையல் மெஷினைச் சொல்லியிருப்பீர்கள். மூட்டு அடங்கினால் மனசு தானாக வந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். மனச்சோர்வுக்கு அதற்கென்று தனி வைத்தியம் வேண்டும்.

மாத்திரையைப் பற்றிக் கேட்டீர்கள். ஸ்டீராய்டு மனநிலையை மாற்றும், தூக்கத்தைக் கெடுக்கும், உண்மைதான். ஆனால் 1972இல் வந்த பழைய ஆய்வு ஒன்றில், தினம் 80 மி.கி.க்கு மேல் எடுத்தவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு மனநலத் தொந்தரவு வந்தது. 40 மி.கி.க்குள் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான். உங்களுடைய 5 மி.கி.தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. தயவுசெய்து அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். தைராய்டு டெஸ்ட் எடுத்து நாளாகியிருந்தால் டி.எஸ்.எச். பாருங்கள். முடக்குவாதம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைவு அதிகமாகவே வருகிறது. அதுவும் இப்படித்தான் ஆளைச் சோர்த்துப் போடும்.

மனநல மருத்துவரிடம் போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டையையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மனச்சோர்வுக்குத் தரும் எஸ்சிடலோப்ராம் போன்ற மாத்திரையோடு டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும். வயிற்றுக்கு மாத்திரை சேர்ப்பதா, வலி மாத்திரையை மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார். மலம் கறுப்பாகப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மனச்சோர்வு மாத்திரை போதைப் பழக்கம் ஆகாது. பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். அதற்குள் கேட்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒன்று: ஐயா, வலி போனது பாதி வைத்தியம்தான். மீதிப் பாதிக்கு உங்கள் துணை வேண்டும்.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. ஒரு வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறான். எதிர்ப்பு சக்திக் கோளாறாலும் இது வரும் என்று படித்தேன். அதைக் கண்டுபிடிக்க எடுக்கும் ஏ.என்.ஏ. என்ற ரத்த டெஸ்ட்டை எடுத்துப் பார்க்கலாமா?
– ஒரு தந்தை, நாமக்கல்

பதில்: வெறுமனே எடுக்க வேண்டாம். எந்த நோயும் இல்லாதவர்களிலேயே நூற்றுக்கு 13 பேருக்கு 1:80 அளவில், அதாவது ரத்தத்தை 80 மடங்கு நீர்க்கச் செய்த பிறகும், ஏ.என்.ஏ. பாசிட்டிவ் வருகிறது. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு இல்லாத நோய்க்காக நீங்கள் இரண்டு பேரும் தூக்கம் கெட்டதுதான் மிச்சமாகும். மூட்டு வீக்கம், வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு, ஆறாத வாய்ப்புண், காரணமில்லாத காய்ச்சல் இருந்தால் மட்டும் எங்களைப் போன்றவர்களிடம் வாருங்கள். அதற்கு முன் ஹீமோகுளோபின், பி12, தைராய்டு மூன்றையும் பாருங்கள். ஆனால் சில நாட்களுக்குள்ளேயே ஆள் மாறி, பேச்சு குழறி, வலிப்பு வந்தால் அது வேறு விஷயம். எதிர்ப்பு மண்டலம் மூளையையே தாக்குகிற ஒரு வகை மூளை அழற்சி உண்டு. 2007இல்தான் அதை அடையாளம் கண்டார்கள். அப்படி ஏதாவது தெரிந்தால் அன்றே நரம்பியல் மருத்துவர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.