பெரியம்மாவின் ஜாமீன் கையெழுத்து

கேள்வி: நான் ஏற்காட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை; வயது 63, கணவர் இல்லை. வங்கியில் 7 சதவீத வட்டிக்கு 9 லட்சம் ரூபாய் போட்டிருக்கிறேன். குடும்ப ஓய்வூதியம் மாதம் 12,000 ரூபாய், செலவு 14,500. சுற்றுலா வேன் வாங்கவிருக்கும் என் தங்கை மகன் 3 லட்சம் கைமாற்றாகவும், 9 லட்சம் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் கேட்கிறான். என் ஆதார் நகலையும் போட்டோவையும் வாங்கிப் போய்விட்டான். ‘உன்னிடத்தில் கடன் வாங்க விரும்புகிறவனுக்கு முகங்கோணாதே’ என்று மத்தேயு 5:42 சொல்லும்போது, நான் மறுக்கலாமா?

பதில்: அம்மா, அந்த வசனத்தை உங்களுக்குச் சாதகமாக மழுப்பித் தர நான் விரும்பவில்லை, அது கடினமான வசனம்தான், கடினமாகவே இருக்கட்டும். ஆனால் உங்கள் தங்கை மகன் கேட்பவை இரண்டு, வசனம் பேசுவதோ அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டுமே. கையில் இருப்பதைக் கொடுப்பது வேறு, கையில் இல்லாததைக் கொடுப்பதாக வங்கிக்கு வாக்களிப்பது வேறு. பின்னதைப் பற்றி நீதிமொழிகள் 22:26, 27 ஒளிவுமறைவின்றிப் பேசுகிறது: கடனுக்குப் பிணைப்படாதே, செலுத்த உன்னிடம் ஒன்றும் இல்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொள்வார்கள் என்று.

நம் சட்டமும் அதற்கு வெகு தொலைவில் இல்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்பட்டிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. ‘சும்மா ஒரு கையெழுத்துதானே பெரியம்மா’ என்று பையன் சொல்லியிருப்பான். நானும் ஒரு காலத்தில் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்த நண்பருக்கு அப்படித்தான் போட்டேன், இரண்டு வருடம் கழித்து அவருடைய தவணை பாக்கிக்கான நோட்டீஸ் என் பெயருக்கு வந்து, வீட்டில் மனைவி பிரித்துப் படித்தபோதுதான் அதன் பொருள் விளங்கியது.

கணக்கைப் பாருங்கள். 9 லட்சத்தை 11 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 19,500 ரூபாய். ஓய்வூதியத்தோடு வட்டி 5,250-ஐச் சேர்த்தாலும் உங்கள் வருமானம் 17,250 மட்டுமே. நீங்கள் சாப்பிடாமல் இருந்தாலும் ஒரு தவணையைக் கட்ட முடியாது. ஏற்காட்டில் வேன் ஓட்டுபவரின் வருமானம் கோடை விழாவிலும் வார இறுதிகளிலும் ஏறும், மழைக்காலத்து வார நாட்களில் இறங்கும் என்பது ஏரிக்கரையில் தினமும் நடக்கும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தவணைத் தேதிக்கோ பருவம் கிடையாது.

இனி அந்த 3 லட்சத்துக்கு வருவோம். ‘கைம்மாறு கருதாமல் கடன் கொடுங்கள்’ என்பது லூக்கா 6:35. இதை நான் மிக நடைமுறையான அறிவுரையாகவே எடுத்துக்கொள்கிறேன்: திரும்பி வராவிட்டாலும் உங்கள் அரிசியும் மருந்தும் தடைபடாத தொகையைத்தான் கொடுக்க வேண்டும். 3 லட்சம் கொடுத்தால் மாத வட்டியில் 1,750 ரூபாய் குறைந்து, மிச்சம் 1,000 ரூபாய்தான் நிற்கும். அதோடு, முதுமையின் மருத்துவச் செலவுக்கான முதலில் மூன்றில் ஒரு பங்கும் போய்விடும். 1 லட்சம் என்றால் குறைவது 600 ரூபாய்க்குள்தான். ஆகவே 1 லட்சத்தைக் கடனாக அல்லாமல் அன்பளிப்பாகவே, வங்கி வழியாகக் கொடுத்துவிடுங்கள். பெற்றோரின் உடன்பிறந்தவர் தரும் பணத்துக்கு, வாங்குபவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. முதிர்வுக்கு முன் வைப்பை உடைத்தால் வட்டி குறையலாம் என்பதால், விரைவில் முதிரும் ரசீதிலிருந்து எடுங்கள்.

ஆதார் நகல் போனதை நினைத்து இப்போதே கலங்க வேண்டாம். கையெழுத்தில்லாமல் அதுவே உங்களை ஜாமீன்தாரர் ஆக்கிவிடாது. ஆனால் பையன் எந்தக் கிளையில் விண்ணப்பித்திருக்கிறான் என்று கேட்டு, ஜாமீன் நிற்க உங்களுக்குச் சம்மதமில்லை என்று கிளை மேலாளருக்கு இந்த வாரமே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, அதன் நகலில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அவனை வீட்டுக்கு அழைத்து, நேரில் சொல்லிவிடுங்கள். வங்கிக்காரர் வாயிலிருந்து அவன் இதைக் கேட்கக் கூடாது.