சேவை வேறு, பணி வேறு: பெரம்பூரிலிருந்து எழுதிய ஒரு தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ முடித்த தங்கள் மகள், குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் துணை நிற்கும் வேலைக்குத்தான் படிப்பேன் என்று உறுதியாக இருப்பதாகவும், சேவையை ஞாயிற்றுக்கிழமைகளில் செய்துகொண்டு பிழைப்புக்கு வேறு படிக்கலாமே என்று தாங்கள் எண்ணுவதாகவும் எழுதியிருந்தீர்கள். சமூக சேவையும் சமூகப் பணியும் ஒன்றல்ல. முன்னதற்கு மனம் போதும்; பின்னதற்குப் படிப்பும் களப்பயிற்சியும் சட்ட அறிவும் வேண்டும்.

சென்ட்ரல் ரயில் நிலையத்தில் தனியாக நிற்கும் ஒரு சிறுவனை எடுத்துக்கொள்ளுங்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன் அவனை நிறுத்த வேண்டும். அவனைப் பற்றிய சமூக விசாரணையை 15 நாட்களில் முடிக்க வேண்டும். அதற்காக ஒருவர் அவன் வீட்டுக்குப் போய், குடித்திருக்கும் தகப்பனிடமும் வாய் திறக்காத தாயிடமும் பொறுமையாகப் பேசி, பள்ளியிலும் அக்கம்பக்கத்திலும் கேட்டறிந்து அறிக்கை எழுதுகிறார். அவன் வீடு திரும்புவதா, குழந்தைகள் இல்லத்தில் தங்குவதா என்று குழு முடிவெடுக்கும்போது அந்த அறிக்கை கையில் இருக்கும். ஆகவே, குழந்தைகள் என்றால் உயிர் என்று சொல்லி வரும் மாணவிகளிடம், பெரியவர்களோடு பேச வருமா, பிழையின்றி எழுத வருமா என்றே நான் முதலில் கேட்பது வழக்கம்.

படிப்பைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். சமூகப்பணி இளங்கலையான பி.எஸ்.டபிள்யூ. மூன்று ஆண்டு, முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ. இரண்டு ஆண்டு, பின்னதில் பொதுவாக எந்தப் பட்டதாரியும் சேரலாம் என்பதால், இளங்கலையில் உளவியலோ சமூகவியலோ கிடைத்தாலும் இழப்பில்லை. எழும்பூரில் 1952 முதல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் இயங்குகிறது. லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், தாம்பரம் கிறித்தவக் கல்லூரி ஆகியவற்றிலும் சமூகப்பணித் துறை உண்டு. கல்லூரியின் பெயரைவிட, களப்பணி வாரத்துக்கு எத்தனை நாள், எந்த நிறுவனங்களில், அறிக்கைகளை யார் படித்துத் திருத்துகிறார் என்பதையே சீனியர் மாணவிகளிடம் விசாரியுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு: எம்.ஏ. உளவியல் மட்டும் படித்தவர் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. அதற்கும், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புக் கல்விக்கும், இத்துறைப் படிப்புகளை ஒழுங்குபடுத்தும் இந்திய மறுவாழ்வு மன்றம் (ஆர்.சி.ஐ.) ஏற்ற படிப்பும் அதில் பதிவும் தேவை.

சம்பளத்தை மறைத்துப் பேச மாட்டேன். மாவட்டந்தோறும் குழந்தைகள் பாதுகாப்புப் பணிகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பல பணியிடங்கள் ஒப்பந்த அடிப்படையிலானவை. தொண்டு நிறுவனங்களிலும் தொடக்க ஊதியம் குறைவே. நிரந்தர அரசு வேலைதான் வேண்டுமென்றால், குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வரும்போது கல்வித்தகுதிப் பகுதியை வரிவரியாகப் படிக்க வேண்டும். மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் இடங்கள் உண்டு என்றாலும், அவை தேடி வருவதில்லை. களப்பணியில் பெற்ற அறிமுகமே பெரும்பாலும் வழி திறக்கிறது.

முதல் ஆண்டுக் களப்பணிக்குப் போய்விட்டுச் சில மாலைகளில் தங்கள் மகள் பேச்சில்லாமல் வீடு திரும்பக்கூடும். அப்போது என்ன நடந்தது என்று துருவ வேண்டாம். சந்தித்த குடும்பத்தின் கதையை வெளியே சொல்லக் கூடாது என்பது அந்தப் படிப்பில் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படுவது. தந்தையிடமும் சொல்லக் கூடாது.