முறத்தில் குறைகிற அரிசி

கேள்வி: எனக்கு 46 வயது. தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். ஒரு வருஷமாக எனக்கு மாதவிலக்கு ஒழுங்கில்லை. சில மாதம் இரண்டு தடவை வருகிறது. வந்தால் ஒன்பது நாள், பத்து நாள், கட்டி கட்டியாகப் போகிறது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. யாரைப் பார்த்தாலும் எரிச்சல். "நிற்கிற வயசு, எல்லாருக்கும் உள்ளதுதான், பொறுத்துக்கோ" என்கிறார் மாமியார். "பிள்ளை பெத்தாச்சு, கல்யாணம் முடிஞ்சதும் கர்ப்பப்பையை எடுத்துவிடு" என்கிறார் நாத்தனார். கும்மாயம், உளுந்தங்களி எல்லாம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன். சாமான் வாங்குகிற வேலையே இன்னும் பாதி பாக்கி. ஞாபகமும் தடுமாறுகிறது. வளவில் உட்கார்ந்து அரிசி புடைத்தால் கால்வாசி அரிசி என் வாய்க்குள்ளேயே போய்விடுகிறது என்று மகள் கேலி செய்கிறாள். கல்யாணம் வரை தாக்குப்பிடிக்கவும், இந்தக் கோபம் குறையவும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: ஆச்சி, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதம் நாலு பக்கம். அதில் மூன்று பக்கம் வெள்ளிச் சாமான், பித்தளை, எவர்சில்வர், சம்பந்தி வீட்டுக்குச் செய்ய வேண்டிய முறை. உடம்பைப் பற்றி ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்திலும் கடைசியில் நீங்கள் கேட்பது கோபம் குறைய வழி. கோபத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். எனக்கு அந்த அரிசியைப் பற்றிச் சொல்லுங்கள்.

எப்போது ஆரம்பித்தது? ஒரு பிடியா, ஒரு ஆழாக்கா? புடைக்கும்போது மட்டும்தானா, யாரும் பார்க்காத நேரத்தில் அரிசிப் பானைக்குள்ளும் கை போகிறதா? மழை பெய்தால் மண் வாசனைக்கு நாக்கு ஊறுகிறதா? திருநீறு, சாக்பீஸ், அடுப்புச் சாம்பல், ஃப்ரிட்ஜில் இருக்கிற ஐஸ் கட்டி, இதில் எதையாவது வாயில் போடுகிறீர்களா? எனக்குப் பதில் சொல்லாவிட்டாலும் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஞாபகம் தடுமாறி யாரும் வேகாத அரிசியைத் தின்பதில்லை. உடம்பில் இரும்புச்சத்து வற்றிப்போனால்தான் பெரும்பாலும் இப்படித் தின்னத் தோன்றும். மருத்துவத்தில் இதற்குப் 'பைகா' என்று பெயர்.

என் அம்மா திருநீறு தின்பார். மடியில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கும். பக்தி என்று நினைத்தோம், கேலியும் செய்தோம். ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்தன்று அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். இரத்தத்தில் ஹீமோகுளோபின் வெறும் 5. மூன்று பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். "எத்தனை மாசமா இப்படிப் போகுது?" என்று டாக்டர் கேட்டபோது நாங்கள் நாலு பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவருக்கும் தெரியாது. இரும்பு மாத்திரை தொடங்கிக் கொஞ்ச நாளில் அம்மா அந்தப் பொட்டலத்தையே மறந்துவிட்டார். கோயிலுக்குப் போவதில் ஒரு நாள் குறைவில்லை. அந்த நாலு பேரில் ஒருத்தியாக நின்றவள் என்பதால்தான் உங்கள் மகளின் கேலியைப் படித்துவிட்டு என்னால் சிரிக்க முடியவில்லை.

கணக்கில் கெட்டிக்காரர்கள் ஊர் உங்களுடையது. இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். சாதாரணமாக ஒரு மாதவிலக்கில் போகிற இரத்தம் 30, 40 மில்லி. 80 மில்லியைத் தாண்டினால் அதிகப் போக்கு. ஒரு மில்லி இரத்தத்தோடு ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. நாம் சாப்பிடுகிற சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்கிற இரும்போ, நாள் ஒன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான். உங்களுக்கு ஒன்பது பத்து நாள், கட்டி கட்டியாக, சில மாதம் இரண்டு தடவை. வரவு எவ்வளவு, பற்று எவ்வளவு? ஒரு வருஷமாக, உடம்பில் சேர்த்து வைத்த முதலிலிருந்து எடுத்துச் செலவு செய்துகொண்டிருக்கிறீர்கள். அந்த முதலுக்கு ஃபெரிட்டின் என்று ஒரு பரிசோதனை உண்டு. ஹீமோகுளோபின் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்தால்கூட ஃபெரிட்டின் காலியாக இருக்கலாம். அதனால் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தால் சோகை. 8க்குக் கீழே போனால் கடுமையான சோகை. மாடிப்படியில் நெஞ்சு படபடப்பது வயதினால் என்று நினைத்தீர்களா? இரத்தத்தில் தெம்பு குறைந்தால் இருக்கிறதை வைத்து ஓட்ட இதயம் இரண்டு மடங்கு பாடுபடும்.

கும்மாயம் நல்ல பண்டம், சாப்பிடுங்கள். ஆனால் பருப்பிலும் கருப்பட்டியிலும் இருக்கிற இரும்பு உடம்பில் ஒட்டுவது குறைவு. சாப்பிட்ட கையோடு காப்பியோ டீயோ குடித்தால் அதுவும் ஒட்டாது. நீங்கள் மெல்லுகிற அரிசியில் உள்ள பைட்டேட்டும் இரும்பைத் தடுக்கிற சரக்குதான். ஆட்டு ஈரல், சுவரொட்டி இதெல்லாம் நன்றாக ஒட்டும். உங்கள் வீட்டில் கறி எடுக்கிற நாளில் சுவரொட்டி யார் தட்டுக்குப் போகிறது? எனக்குத் தெரியும். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் ஒட்டிய மசாலாவில் சோற்றைப் பிரட்டிச் சாப்பிடுகிற பெண்கள்தான் எனக்கு எழுதுகிறவர்களில் பாதிப் பேர். அதைப் பெருமையாக வேறு எழுதுகிறார்கள். நீங்களும் எழுதியிருக்கிறீர்கள், மூன்றாம் பக்கத்தில், "நான் எப்பவும் கடைசியில்தான்" என்று. கடைசியில் சாப்பிடுகிறவளுக்கு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்காத வீட்டில் என்ன முறை, என்ன சீர்?

மாமியார் சொன்னது பாதி சரி. மாதவிலக்கு நிற்பதற்கு முன்னால் சில வருஷம், சில மாதங்களில் சினைமுட்டை வெளிவராது. வராத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் என்கிற ஹார்மோன் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் என்கிற இன்னொரு ஹார்மோன் மட்டும் தனியாக இருந்து கர்ப்பப்பையின் உள்சவ்வை வளர்த்துக்கொண்டே போகும். அப்புறம் ஒரு நாள் அது தாறுமாறாக உதிரும். நாள் தப்பி வருவதும், வந்தால் நிற்காமல் போவதும் இதனால் நடக்கலாம். ஆனால் இதே வயதில்தான் கர்ப்பப்பையில் வருகிற ஃபைப்ராய்டு கட்டி, உள்ளே சதை வளர்கிற பாலிப், உள்சவ்வு கர்ப்பப்பையின் தசைக்குள் வளர்கிற அடினோமயோசிஸ், தைராய்டுக் கோளாறு, உள்சவ்வு தடிப்பது, சிலருக்குப் புற்றுநோய், எல்லாமே இதே மாதிரி போக்கோடு வருகின்றன. எது என்று வெளியிலிருந்து பார்த்து மாமியாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஸ்கேன் எடுத்து, தைராய்டு பார்த்து, 45 வயதைத் தாண்டியதால் உள்சவ்விலிருந்து துளி எடுத்துப் பயாப்ஸியும் பார்த்தால்தான் தெரியும். அதெல்லாம் பார்த்த பிறகு "நிற்கிற வயசு" என்று டாக்டர் சொல்லட்டும், நானும் ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம், தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். அப்படி வருகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பையின் உள்சவ்வில் புற்றுநோய் இருக்கிறது. இதை உங்கள் மாமியாரிடமும் கேட்டு வையுங்கள். "சூடு" என்று சொல்லி, கறை பட்ட துணியைத் தானே துவைத்துக் காயப்போட்டுவிடுகிற தலைமுறை அது.

நாத்தனாருக்குப் பதில் சின்னது. என்ன நோய் என்று தெரியாமல் உறுப்பை எடுப்பது வைத்தியம் இல்லை. போக்கைக் குறைக்க, அது இருக்கிற நாட்களில் மட்டும் சாப்பிட டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை இருக்கிறது. கர்ப்பப்பைக்குள் வைத்தால் ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்கிற ஹார்மோன் சாதனம் இருக்கிறது. கட்டியை மட்டும் எடுக்கவும் வழி உண்டு. இவை உங்களுக்குப் பொருந்துமா என்பதை டாக்டர் சொல்வார். எடுத்தே ஆக வேண்டிய நிலைமை சிலருக்கு வரும், வந்தால் எடுக்கத்தான் வேண்டும். கூடவே இரண்டு சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் மறுநாளே மெனோபாஸ், அதாவது மாதவிலக்கு நின்ற நிலை, எலும்பு சீக்கிரம் தேயும். இதெல்லாம் உங்கள் நாத்தனாருக்குத் தெரியுமா?

நான் பழைய காலத்து ஆள். மகள் கல்யாணத்தில் தாய் ஓடியாடி நிற்க வேண்டும், விருந்துக்கு வந்தவர் முகம் சுளிக்காமல் போக வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன். தாலி கட்டித் திருப்பூட்டுகிற நேரத்தில் மகளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவர் நீங்கள். அந்த நேரத்தில் இரண்டாங்கட்டில் பாய் போட்டு உங்களைப் படுக்க வைத்து, யாராவது முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால், பரப்பி வைத்த சாமானை யார் பார்த்து என்ன?

நாலு பக்கத்திலும் உங்கள் வீட்டுக்காரர் வரவே இல்லை. சாமானுக்குப் பணம் அனுப்புகிறார் என்ற ஒரு வரியைத் தவிர. இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள். ஐயா, வெள்ளிக்கு லட்சக்கணக்கில் எடுத்து வைத்திருக்கிறீர்கள். இரத்தப் பரிசோதனைக்கு அதில் தூசு அளவுகூட ஆகாது, அரசு மருத்துவமனையில் அதுவும் கிடையாது. இந்த வாரம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். காரைக்குடி அரசு மருத்துவமனை பக்கத்தில்தான். அங்கே முடியாதென்றால் சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. டிரைவரோடு அனுப்பி வைக்காதீர்கள். டாக்டர் கேட்கிற கேள்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கேளுங்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ, வார நாள் பார்க்காமல் அப்போதே கிளம்புங்கள்.

இப்போது ஐப்பசி. தைக்கு மூன்று மாதம்கூட முழுதாக இல்லை. போக்கைக் கட்டுப்படுத்தி, இரும்பு மாத்திரையும் ஒத்துக்கொண்டால் மூன்று நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒன்றிரண்டு கிராம் ஏறும். ரொம்பக் குறைவாக இருந்தால் ஊசி வழியாக இரும்பு ஏற்றுவார்கள். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடுங்கள். டீ, பால், கால்சியம் மாத்திரை பக்கத்தில் வரக் கூடாது. மலம் கறுப்பாகப் போகும், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். வயிற்றைப் புரட்டினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாமா என்று கேளுங்கள். 12ஐத் தொட்டதும் விட்டுவிடுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. முதல் நிரம்ப அதற்கு மேலும் மூன்று மாதம் ஆகும்.

கேலி செய்த பெண்ணுக்கும் ஒரு வார்த்தை. நீயும் அம்மாவோடு போய் இரத்தம் கொடு. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. சோகையோடு புகுந்த வீட்டுக்குப் போய், அதோடேயே பிள்ளை உண்டானால் இரண்டு உயிருக்குக் கஷ்டம். கல்யாணம் வரைக்கும் அரிசி புடைக்கிற வேலையை நீ எடுத்துக்கொள். அம்மா சாப்பிடுவதற்கு முன்னால் நீ சாப்பிடாதே.

கோபம் என்றீர்களே, ஆச்சி. மாதவிலக்கு நிற்கிற காலத்தில் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கோபத்தில் ஹார்மோன் எவ்வளவு, சோகை எவ்வளவு, நியாயம் எவ்வளவு என்பதை இரும்பு ஏறிய பிறகு பிரித்துப் பார்க்கலாம்.

கல்யாணப் பத்திரிகை அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒரு கார்டு போடுங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு, ஃபெரிட்டின் எவ்வளவு, அன்றைக்கு எத்தனை பிடி அரிசி.