எலெக்ட்ரிக்கலா, கம்ப்யூட்டரா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், பொறியியல் கட்-ஆஃப் 176. எலெக்ட்ரிக்கல்தான் படிப்பேன் என்கிறாள். தோட்டத்து மோட்டார் ஓடாவிட்டால் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பவளும் அவள்தான். உறவினர்களோ, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால்தான் வேலை என்கிறார்கள். கலந்தாய்வில் எதை முதலில் போடுவது?
– ஒரு தாய், ஒட்டன்சத்திரம்

பதில்: உறவினர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. வளாகத் தேர்வுக்கு வரும் சாப்ட்வேர் நிறுவனங்கள் பல, எந்தப் பிரிவு என்று பார்ப்பதைவிட, அரியர் இல்லாமல் அறுபது சதவீதத்துக்கு மேல் மதிப்பெண் இருக்கிறதா, புரோகிராம் எழுத வருகிறதா என்றே பார்க்கின்றன. ஆள் எடுப்பு குறையும் ஆண்டுகளில் கம்ப்யூட்டர், ஐ.டி. மாணவர்களை மட்டும் அழைப்பதும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. மின்துறை நிறுவனங்களில் தொடக்கச் சம்பளமும் பல நேரங்களில் குறைவுதான். ஆனால் எலெக்ட்ரிக்கல் படித்தவர் சாப்ட்வேருக்குப் போவது போல, கம்ப்யூட்டர் படித்தவர் டிரான்ஸ்பார்மர் வடிவமைப்புக்குப் போவது எளிதல்ல. மத்திய தேர்வாணையம் நடத்தும் பொறியியல் பணித் தேர்வில் சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் ஆகிய நான்கு பிரிவுகளே உள்ளன. கம்ப்யூட்டருக்கு அங்கே தனிப் பிரிவு கிடையாது. மின் உற்பத்தி செய்யும் என்.டி.பி.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்களும், பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் (GATE) தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு எலெக்ட்ரிக்கல் பட்டதாரிகளை எடுத்திருக்கின்றன.

இருந்தாலும், ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கும் ஆர்வத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அந்தக் கை ஆர்வத்துக்கு ஐ.டி.ஐ. கூடப் போதும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், எலெக்ட்ரிக்கல் மாணவர்கள் மூன்றாவது செமஸ்டரில் மின் இயந்திரங்களோடு மின்காந்தப் புலங்களையும், கலப்பெண் சார்புகள் பற்றிய கணிதத்தையும் படிக்க வேண்டியிருந்தது. பலர் அரியர் வைப்பது இந்த இடத்தில்தான். (அதே செமஸ்டரில் சி மொழியும் உண்டு என்பதை உறவினர்களிடம் சொல்லுங்கள்.) ஆகவே, பிளஸ் டூ இயற்பியலில் மின்காந்தத் தூண்டலும் மாறுதிசை மின்னோட்டமும் வரும் பாடத்தை மகளிடம் கொடுத்து, இதுவரை பார்க்காத நான்கு கணக்குகளைப் போடச் சொல்லுங்கள். விடை தவறினாலும் விடாமல் உட்கார்ந்து போடுகிறாளா என்று கவனியுங்கள். அந்த 176 எப்படி வந்தது என்பதையும் பாருங்கள்: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்ற கணக்கில், வேதியியலில் குறைந்திருந்தால் கவலையில்லை, கணிதத்திலும் இயற்பியலிலும் குறைந்திருந்தால் மறுபடி யோசிக்க வேண்டும்.

நீங்கள் கேட்காவிட்டாலும், செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ் என்ற பெயர்ப் பலகைகளும் கண்ணில் படும். பாடம் நல்ல பாடம்தான்; அதை நடத்த ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

பட்டியலைப் பொறுத்தவரை, கிடைக்குமா கிடைக்காதா என்று அஞ்சாமல், உண்மையான விருப்ப வரிசையிலேயே போடுங்கள். மேலே உள்ளது கிடைக்காவிட்டால்தான் அடுத்ததைப் பார்ப்பார்கள். ஆசைப்பட்டதை முதலில் போடுவதால் கீழே உள்ள இடம் பறிபோகாது. சுமாரான கல்லூரியில் கம்ப்யூட்டரா, நல்ல கல்லூரியில் எலெக்ட்ரிக்கலா என்று வந்தால், உங்கள் மகளுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தைப் பார்த்து மூன்று கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு வேலை நாளில் மகளோடு நேரில் போய் வாருங்கள். மின் இயந்திர ஆய்வகத்தைக் காட்டச் சொல்லி, மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம், அங்குள்ள மோட்டார்களை அவரே இணைப்புக் கொடுத்து ஓட்டினாரா, அல்லது ஒருவர் ஓட்ட மற்றவர்கள் அளவை மட்டும் குறித்துக்கொண்டார்களா என்று உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள்.