குர்குமின் 2.8 சதவீதம்: உரம் மாற்றினால் கூடுமா?

வணக்கம். உள்ளூர் மஞ்சளில் குர்குமின் (மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள்) 2.8 சதவீதம்தான் வந்தது, வாங்குபவர் 5 கேட்கிறார், எந்த உரம் போடலாம் என்று கேட்டிருந்தீர்கள். அதற்காக உரத்தில் காசைக் கொட்டாதீர்கள். மகசூல் கூடலாம், 2.8 என்பது 5 ஆகாது.

குர்குமினைக் கடைசிக் கட்டத்தில் உருவாக்குபவை டைகீட்டைடு கோஏ சிந்தேஸ், குர்குமின் சிந்தேஸ் என்ற நொதிகள். அவற்றுக்கான மரபணுக்கள் உங்கள் மஞ்சளிலும் உண்டு. ஆனால் குர்குமின் எவ்வளவு சேரும் என்பது பெருமளவு ரகத்தின் குணம். மண்ணும் பருவமும் கொஞ்சம் ஏற்றி இறக்கும், அவ்வளவுதான்.

கொழுத்த கிழங்காகப் பொறுக்கி நட்டாலும் பயனில்லை. மஞ்சளுக்கு மூன்று தொகுதி குரோமோசோம், மொத்தம் 63. அதனால் விதை பிடிப்பது அரிது; கிழங்கிலிருந்து வருவது தாயின் அச்சு. அந்த அரிய விதையில் முளைத்த நாற்றுகளிலிருந்துதான் கோழிக்கோடு நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் பிரபா, பிரதிபா ரகங்களைத் தேர்ந்தெடுத்தது! இரண்டிலும் குர்குமின் 6 சதவீதத்துக்கு மேல்.

அதனால் விதைக்கிழங்கை மாற்றுங்கள். முதல் வருடம் நாலைந்து பாத்தியில் மட்டும் பிரதிபா போட்டு, ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள். உங்கள் மண்ணில் என்ன வருகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம், விரலியையும் (விரல் போன்ற பக்கக் கிழங்கு) குண்டையும் (உருண்டையான தாய்க்கிழங்கு) கலந்து அனுப்ப வேண்டாம், தனித்தனியாகச் சோதிக்கக் கொடுங்கள். வாங்குபவர் உலர் எடையில்தான் 5 கேட்கிறாரா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.